விடுமுறையிலும் இருப்பவர்கள்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். உன் சுகத்தை நீயாக எழுதமாட்டாய், அதனால் நானே கேட்டுவிடுகிறேன். இருமல் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "வேலையா இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஊர் ஊதிக்கொண்டே போகிறது. கல்லூரியில் இன்னும் இரண்டு கட்டடம் எழும்பிவிட்டது. நம் மாடியில் இருக்கும் நாலு பையன்கள் போதாதென்று ஐந்தாவதாக ஒருவன் வந்து, "படிக்கட்டுக்குக் கீழ எடம் இருந்தாக்கூடப் போதும் ஆன்ட்டி" என்று நின்றான். அங்கே துடைப்பம் குடியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

போன வாரம் அத்தானின் ஜெராக்ஸ் கடைக்கு நகர மன்றத்திலிருந்து ஒரு தடித்த அறிக்கை வந்தது, அறுபது பிரதி எடுக்க. ஊரின் மக்கள்தொகை, வருமானம், வீட்டுவசதி என்று அட்டையில் பெரிய எழுத்து. கீழே உன் புள்ளிவிவர அலுவலகத்தின் முத்திரை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம மச்சினன் எண்ணினதாச்சே!" என்று நம் தெருவின் பக்கத்தை மட்டும் அறுபத்தொன்றாவது பிரதியாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? பின்வாசல் தெரு: வீடுகள் 38. அதில் மாணவர் விடுதி 34, குடும்பக் குடியிருப்பு 4. வருமானம் இல்லாதவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. "நம்ம தெருவே வேலைவெட்டி இல்லாத தெருவாம்டி" என்று அவர் ஒரே சிரிப்பு. எதிர்வீட்டு பஸ் டிரைவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் பால்பல் விழாதவை. அதுகள் எந்தக் காலேஜில் படிக்கின்றனவோ!

போன மழைக்காலத்தில் படிவக் கட்டோடு வந்து நம் வீட்டில் ஒன்பது நாள் தங்கி இந்தத் தெருவை எண்ணியவன் நீதானே. உன் ஆபீஸில் யாரோ தட்டச்சில் கோட்டை விட்டிருப்பார்கள். கொஞ்சம் பார்.

இன்னொன்று. அன்று அத்தானின் மழை பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனவன் இன்னும் திருப்பித் தரவில்லை. அவர் கேட்கமாட்டார். நான் கேட்பேன்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நலம், இருமல் போயே போய்விட்டது. அத்தானையும் என் குட்டி மருமகள் வாலுவையும் விசாரித்ததாகச் சொல். வாலுவுக்குக் கலர் பென்சில் அனுப்பியிருக்கிறேன், சுவரில் வரையக்கூடாது என்ற நிபந்தனையோடு.

ஒரு நல்ல செய்தி. என்னைப் பிரிவு அலுவலராக உயர்த்தியிருக்கிறார்கள். தனி மேசை, ஜன்னலோரம். உங்கள் தெருக் கணக்கை யாரையும்விட வேகமாக முடித்தேன் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கிறார்கள்.

நீ சொன்ன எண்கள் அச்சுப் பிழையாக இருக்கலாம். இப்படி நடப்பது உண்டு. பார்க்கிறேன். பூட்ஸைக் கட்டாயம் அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

பிரிவு அலுவலருக்கு அக்காவின் ஆசிகள். எல்லாரும் சுகம். வாலு நிபந்தனையை மீறிவிட்டாள். சுவரில் நீ இருக்கிறாய், பச்சை மீசையோடு.

சிரிக்கிற விஷயமாக நினைத்தது இப்போது அப்படி இல்லை. நேற்று வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. இந்தத் தெருவ மாணவர் பகுதின்னு மன்றத்துல முடிவு பண்ணிட்டாங்க. நாலு மாடி கட்ட அனுமதி குடுக்கறாங்க. வருஷக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

"பத்து வருஷத்துக்கு மேல குடியிருக்கறவங்கள அப்படி எழுப்ப முடியாதுன்னு சட்டம் இருக்கே?"

"அது குடும்பங்க இருக்கற பகுதிக்கும்மா. பாதி வீட்டுலயாவது குடும்பம் இருக்கணும். இங்க நாலே நாலுன்னு அரசாங்கமே சொல்லுதே."

அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அத்தான் எடுத்துக் கொடுத்த பிரதிதான் அது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தெரு முழுக்க இதே நோட்டீஸ். ஆட்சேபம் சொல்ல செப்டம்பர் முப்பது வரை நேரம் இருக்கிறது. ஆனால் அசல் படிவங்களின் நகல் வேண்டுமாம். அது உன் ஆபீஸில்தான் இருக்கும். முப்பத்தெட்டுத் தாள்தானே, அனுப்பிவை. தட்டச்சுப் பிழை வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் நாங்கள் இங்கேயே இருந்துவிடுவோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நடுவில் காய்ச்சல்.

படிவங்கள் கிடங்கில் உள்ளன. எடுக்க மேலதிகாரியின் அனுமதி தேவை. இதற்கிடையே வகைப்பாட்டு முறையை உனக்கு விளக்குவது பயன்படும் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டில் மாணவர்கள் தங்கியிருப்பதாலேயே அது மாணவர் விடுதி ஆகிவிடாது. படிவத்தின் ஐந்தாவது கேள்விதான் முக்கியம்: "கல்லூரி விடுமுறையிலும் இந்த வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்?" அதற்குப் பதில் பூஜ்யம் என்றால் மட்டுமே அது விடுதி. ஒருவர் இருந்தாலும் குடும்பக் குடியிருப்பு. ஆகவே எந்த நிலையில் பிழை நேர்ந்தது என்பதை ஆராய வேண்டியிருக்கிறது. சற்றுப் பொறுத்திருக்கவும்.

தம்பி


ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? உன் கடிதத்தை அத்தான் இரண்டு முறை படித்துவிட்டு, "இது நமக்கு எழுதினதா, மன்றத்துக்கு எழுதினதா?" என்று கேட்டார். நீ என்னவோ மென்று விழுங்குவதுபோல இருந்தது எனக்கு.

நீ ஆராய்வதற்குள் நானே எண்ணிவிட்டேன். வாலுவின் பழைய நோட்டில் மீதியிருந்த தாள்களில் கட்டம் போட்டு, இரண்டு சாயங்காலம் அவளையும் இழுத்துக்கொண்டு முப்பத்தெட்டுக் கதவையும் தட்டினேன். உன் வேலை லேசானது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது வீட்டிலேயே கால் கடுத்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துச் சிரிக்கும் சனங்கள்தான், ஆனால் கதவைத் தட்டி உட்கார்ந்தால்தான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. மூலை வீட்டு நர்ஸம்மா ஓய்வுபெற்று ஏழு வருஷமாகிறதாம். படுத்த படுக்கையாக இருக்கும் தன் அக்காவைப் பின்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அப்படி ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. வருமானத்தைக் கேட்டால் மட்டும் ஒருவரும் உண்மை பேசவில்லை. பஸ் டிரைவர் பாதியாகக் குறைத்துச் சொன்னார், தையல்காரம்மா இரட்டிப்பாகச் சொன்னாள். இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஆக, என் கணக்கு: வீடு 38, விடுமுறையிலும் ஆள் இருக்கும் வீடு 29. ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் மாடியிலோ பக்கத்து அறையிலோ பையன்கள் உண்டு, நம் வீட்டைப்போல.

போன மழைக்காலத்தில் யாராவது வந்து எண்ணினார்களா என்றும் எல்லாரிடமும் கேட்டேன். நாலு வீட்டில் உன்னைச் சொன்னார்கள், மற்ற ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. தையல்காரம்மா மட்டும் சொன்னாள்: "ஒரு பையன் மொகத்த மறைக்கறாப்ல குடையப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு வாசலா நின்னு செருப்பையே பாத்துட்டுப் போனான். செருப்புத் திருடனோன்னு நெனச்சு என்னோடத எடுத்து உள்ள வெச்சிட்டேன்."

அவள் வீடும் அறிக்கையில் விடுதிதான்.

படிவ நகலை அனுப்பு. நேரம் போகிறது.

அக்கா


செப்டம்பர் 12

தம்பிக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரி எழுதினாலும் போதும். பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். வேலை அதிகம், வேறு ஒன்றும் இல்லை.

கிடங்கிலிருந்து படிவம் எடுப்பது இப்போதைக்கு ஆகாது போலிருக்கிறது. எதற்கும் மாற்று ஏற்பாடும் யோசித்து வைப்பது நல்லது. அறிக்கையின் வீட்டுவசதிப் பகுதியிலிருந்து ஒரு பட்டியல் இணைத்துள்ளேன். ஊரின் கிழக்குப் பக்கத்தில் காலி வீடுகள் 212. வாடகையும் அங்கே சராசரியைவிடக் குறைவு. வாலுவின் பள்ளிக்கும் பேருந்து உண்டு. அத்தானிடம் காட்டு.

தம்பி


அக்டோபர் 5

தம்பிக்கு,

நலமாக இருப்பாய். இருக்கவேண்டும் என்றுதான் இவ்வளவு கோபத்திலும் நினைக்கிறேன்.

முப்பதாம் தேதி வாலுவின் நோட்டைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்குப் போனோம். குமாஸ்தா அதைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில் அவள் போட்ட பெருக்கல் கணக்குகள் வேறு. "அம்மா, இந்தப் பக்கம் அரசாங்க முத்திரை, அந்தப் பக்கம் குழந்தை நோட்டு. நான் எத வெச்சு எழுதறது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, பாவம். ஆதாரம் இல்லை என்று எழுதி ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார்கள்.

உன் பட்டியலையும் அத்தானிடம் காட்டினேன். கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டுக் கிழக்குப் பக்கம் நடையாய் நடந்தார். காலி வீடு என்று போட்ட ஒன்றில் ஒரு கிழவர் கதவைத் திறந்து, "யாருப்பா?" என்றாராம். இன்னொன்றில் துணி காய்ந்துகொண்டிருந்ததாம். நிஜமாகவே காலியாக இருந்தவற்றுக்கு இங்கே தருவதைப்போல இரண்டு மடங்கு வாடகை. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தவர் உன் பட்டியலை வாலுவிடம் கிறுக்கக் கொடுத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

தெருவில் ஒன்பது குடும்பம் போய்விட்டது. நர்ஸம்மா தன் அக்காவைப் படுக்கையோடு வண்டியில் ஏற்றினார். இருபது வீடு மீதி.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நகல் வேண்டாம், முத்திரை வேண்டாம். நம் வீட்டுப் படிவத்தில் அந்த ஐந்தாவது கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறது? எழுதியவரைக் கேட்டுச் சொல்.

அக்கா


அக்டோபர் 21

அக்கா,

சுகம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

பூஜ்யம்.

நான்தான் எழுதினேன். தட்டச்சுப் பிழை எதுவும் இல்லை. ஜூன் மாதம் உன் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு வரியும் பூசி மெழுகியதுதான். படிவங்கள் கிடங்கில் இல்லை. என் மேசையின் கீழறையில் இருந்தன.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் தட்டினேன். நாலு வீடு முடிந்தது. அந்த நாலுதான் அறிக்கையில் இருக்கும் நாலு குடும்பம். மூன்றாம் நாள் மழை விடவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் நாற்பது கேள்வி, தாள் நனைகிறது, மை கரைகிறது. அப்போதுதான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். பெரும்பாலும் பையன்கள் போடும் செருப்பு. எத்தனை ஜோடியோ அத்தனை பேர் என்று எழுதினேன். எல்லாரையும் மாணவர் என்று போட்டேன், வருமானம் இல்லை என்று போட்டேன். ஐந்தாவது கேள்விக்குப் பூஜ்யம். ஏழு நாள் வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. மீதி நாட்களில் உன் வீட்டில் உட்கார்ந்து வாலுவோடு விளையாடினேன். அதற்குத்தான் பதவி உயர்வு.

உன் வாசலிலும் நின்றேன். ஏழு ஜோடி இருந்தது. உள்ளே வந்து கேட்டிருக்கலாம், நீ அடுப்படியில்தான் இருந்தாய். தெரிந்த வீடுதானே என்று ஏழு என எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டேன். மாடிப் பையன்கள் நாலு பேர், நீ, வாலு. அத்தான் கடைக்குப் போயிருந்தார். ஆறுதானே வரவேண்டும், ஏழாவது யார் என்று போன வாரம்தான் யோசித்தேன். அது என்னுடையது அக்கா. முதல் நாள் மழையில் வார் அறுந்துபோய் வாசலில் விட்டேனே, அதையும் ஒரு மாணவனாக எண்ணியிருக்கிறேன். அத்தானின் பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டு நின்றுதான் எண்ணினேன்.

நான் அந்தக் காலேஜில் படித்த நாலு வருஷமும் உன் வீட்டில்தான் இருந்தேன். ஒரு விடுமுறைக்குக்கூட வேறெங்கும் போகவில்லை, போக வேறு இடமும் இல்லை. அந்த வீட்டில் விடுமுறையில் யாரும் இருப்பதில்லை என்று என் கையால் எழுதினேன்.

பதவி போய்விடுமே என்ற பயத்தில் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வேறு காரணம் ஏதும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். இன்று காலை எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இப்ப ஏன்யா சொல்றே?" என்று மட்டும் கேட்டார். தெருவை மறுபடி எண்ண ஆள் அனுப்புவார்கள். மன்றமும் அதை ஏற்கும் என்றார். ஜன்னலோர மேசை இன்று மாலையோடு சரி.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

தம்பி


ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ சாப்பிடுகிறாயா? பழைய மேசையில் வெளிச்சம் இருக்கிறதா?

உன் கடிதம் வந்தும் இரண்டரை மாதமாக நான் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். அப்புறம் எழுதாததற்குக் காரணம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிசம்பர் இருபதாம் தேதி எண்ண ஆள் வந்தது. சின்னப் பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய கட்டு. ஒரு கதவையும் விடவில்லை. நம் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து நாற்பது கேள்வியையும் கேட்டாள். ஐந்தாவது வந்ததும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "மூணு பேர். நல்லா எழுதிக்கோம்மா, மூணு" என்றேன். அவள் பயந்துபோய் இரண்டு முறை எழுதினாள்.

முடிவு நேற்று வந்தது. வீடு 38. மாணவர் விடுதி 25. குடும்பக் குடியிருப்பு 13.

இந்த முறை ஒரு தப்பும் இல்லை. நானே நோட்டை வைத்துச் சரிபார்த்தேன். எண்ண ஆள் வருவதற்குள் நோட்டீஸுக்குப் பயந்து குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போக, அந்த வீடுகளில் பையன்களைத் தங்கவைத்துவிட்டார்கள். சட்டத்துக்குப் பத்தொன்பது வேண்டும். ஆகஸ்டில் இருபத்தொன்பது இருந்தோம். அக்டோபரில்கூட இருபது இருந்தோம். முந்தின வருஷ மழையில் நீ பொய்யாக எழுதியதை நாங்களே காலி செய்து காலி செய்து நிஜமாக்கிக் கொடுத்துவிட்டோம். மாணவர் பகுதி என்பது உறுதி. இருபத்தெட்டாம் தேதி வீட்டைக் காலி செய்கிறோம்.

இப்போது என் விஷயம். அன்று அடுப்படி ஜன்னலிலிருந்து உன்னைப் பார்த்தேன். குடையோடு நீ வாசல் வாசலாக நிற்பதும் தாளில் கிறுக்குவதும் எல்லாம் தெரிந்தது. நீ உன் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். மறந்தாயா, என்னைக் காப்பாற்ற விட்டாயா தெரியவில்லை. அன்று காலையில் நான்தான் சொன்னேன்: "எதுக்குடா ஒவ்வொரு கதவா தட்டிக்கிட்டு? எல்லா வீட்டுலயும் பசங்கதான் கெடக்கறானுங்க. சீக்கிரம் முடிச்சிட்டு வா, டீ போட்டு வெக்கறேன்." நீ நனைவது பொறுக்காமல் சொன்னேன். அந்த மதியமே நீ வேலையை முடித்துவிட்டு வந்தபோது எப்படி முடிந்தது என்று நான் கேட்கவில்லை. தலையைத் துவட்டிவிட்டேன்.

ஜூனில் அத்தான் அந்தப் பக்கத்தைக் காட்டியவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. தட்டச்சுப் பிழை என்று நான்தான் உனக்கு எடுத்துக் கொடுத்தேன். நேராகக் கேட்டிருந்தால் ஜூனிலேயே சொல்லியிருப்பாய். கேட்டால் என் வார்த்தையும் சேர்ந்து வெளியே வருமே என்று சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா தன் அக்காவை ஏற்றிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது வந்து எண்ணினியே" என்றார். அன்று காலை உன்னிடம் நான் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அத்தானிடம் மட்டும் நேற்று சொன்னேன். பேனாவை எடுத்து என் முன்னால் வைத்து, "அவனுக்கு எழுது" என்றார்.

அந்தப் பெண் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "இங்க ஒரு பிஞ்ச செருப்பு இருக்கே, இது யாரோடது?"

"என் தம்பியோடது. அவன் இங்க இல்ல" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். எழுதவில்லை.

அதற்குத் தையல்காரம்மா போகும் முன் வார் தைத்துக் கொடுத்தாள். செருப்புத் திருடனுடையது என்று சொன்னேன், சிரித்தாள். பாத்திர மூட்டையோடு அதையும் கட்டிவைத்திருக்கிறேன்.

புது வீடு ஊருக்கு வெளியே, பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி இடது பக்கம், நீலக் கதவு. மாடி இல்லை, பையன்களும் இல்லை. அடுத்த மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு வா. அத்தானின் பூட்ஸைக் கொண்டுவா. வாசலோடு நின்றுவிடாதே, கதவைத் தட்டு. நான் உள்ளேதான் இருப்பேன்.

அக்கா